மூவாயிரத்து எழுநூறு மீற்றரில் நான்கு மிளகு

நேபாளத்தின் முக்திநாத்துக்குப் போய்வந்து ஒரு மாதம் ஆகிறது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக் கடைகளில் சந்திக்கும் மூன்று நான்கு பேர் வழி கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது சுலபம். எங்கள் பயணத்தில் ஒரு பிழையும் நடந்தது. செலவு விபரத்தைவிட அது உங்களுக்கு அதிகம் பயன்படலாம்.

போனவர்கள் இருவர்: நானும், என் அக்காவின் கணவர் தயாபரன் அத்தானும். அவருக்கு வயது அறுபத்தாறு. புவாண்ட்-கிளேரில் ஒரு பொருட்கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தபோது, பன்னிரண்டு முறை கந்தசஷ்டி விரதம் பிடிப்பதாக நேர்ந்துகொண்டார். இது பன்னிரண்டாவது. விரதத்தின் ஆறாம் நாள் முக்திநாத்தில் நிற்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

"முருகனுக்கு விரதம் பிடிச்சுப்போட்டுப் பெருமாள் கோயிலுக்கோ?" என்று கேட்டேன்.

"மாமன்ர வீடுதானே. மருமோன் கோவிக்க மாட்டார்," என்றார்.

பாலும் பழமும் எடுப்பதாக அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா நம்பினார். நானும் நம்பினேன்.

மொன்றியலிலிருந்து தோகா வழியாகக் காத்மண்டு, அங்கிருந்து உள்ளூர் விமானத்தில் இருபத்தைந்து நிமிடத்தில் போக்கரா. முப்பது நாள் விசா ஐம்பது அமெரிக்க டொலர்; விமான நிலையத்திலேயே தருகிறார்கள். மலைப்பகுதி அனுமதிச் சீட்டு மூவாயிரம் நேபாள ரூபாய். இலங்கையர் உட்பட தெற்காசியருக்கு ஆயிரம்தான். ஆனால் கடவுச்சீட்டு கனேடியதாக இருந்தால், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் எழுதியிருந்தாலும் மூவாயிரம்தான். அத்தான் அங்கே கொஞ்சம் வாதாடிப் பார்த்தார்.

விரதத்தின் முதல் நாள் போக்கரா வந்தோம். இரண்டாம் நாள் அங்கேயே நின்றுவிட்டோம். தீபாவளியை ஒட்டி நேபாளிகளுக்கும் ஐந்து நாள் பண்டிகை. அதன் கடைசி நாளில் ஆண்கள் தங்கள் சகோதரிகளிடம் போய் நெற்றியில் திலகம் வைத்துக்கொள்வார்கள். அன்று ஜீப் ஓட்ட ஆள் கிடையாது. எங்கள் ஓட்டுநர் பிரேம், "அக்கா வீட்டுக்குப் போகாவிட்டால் வருடம் முழுவதும் கேட்க வேண்டியிருக்கும்," என்றார். நாங்கள் ஏரிக்கரையில் நடந்தோம். அத்தான் ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கோயிலுக்கு முந்திய பெரிய ஊரான ஜோம்சோம் வரை ஏறத்தாழ நூற்றைம்பத்தைந்து கிலோமீற்றர்; ஒன்பதரை மணித்தியாலம். ஜீப்பை முழுதாக எடுத்தால் பதினெண்ணாயிரம் ரூபாய். பாதை பல இடங்களில் பாதையே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது அத்தான் இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்தார். உள்ளே மிளகு. மூன்றை எண்ணி விழுங்கி, உள்ளங்கையில் மூன்று தரம் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

எங்கள் ஊர்ப்பக்கம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். முதல் நாள் ஒரு மிளகு, ஒரு கை தண்ணீர். நாளுக்கு ஒன்றாகக் கூட்டி ஆறாம் நாள் ஆறு. வேறு எதுவும் இல்லை. சஷ்டி விரதத்தில் மிகக் கடுமையான முறை இது.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா விடுவாளோ?"

"மலைநோய் வராமலிருக்க டொக்டர் தந்த குளிசை?"

"அது நிறையத் தண்ணி கேக்கும். வேண்டாம்."

அப்போதே அக்காவுக்கு அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. அறுபத்தாறு வயது மனிதரைப் பற்றிக் கோள் சொல்ல மனம் வரவில்லை. நான் சொன்ன பிழை இதுதான். அதில் பாதி என்னுடையது.

நான்காம் நாள் மதியத்துக்குப் பின் ஜோம்சோமிலிருந்து, கோயிலுக்குக் கீழே உள்ள ராணிபௌவா என்ற ஊருக்கு ஏறினோம். இருபத்திரண்டு கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். ஆனால் உயரம் ஆயிரம் மீற்றர் கூடி மூவாயிரத்து எழுநூறு ஆகிறது. பகல் பத்து மணிக்குப் பிறகு கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று பலமாக எழும்; கண்ணுக்குள் மணல் விழும். விடுதிக்கு வந்து சேர்ந்ததும் அத்தான் வாசலில் வாந்தி எடுத்தார். வந்தது தண்ணீரும் நான்கு மிளகும்தான். கோயில் அங்கிருந்து அரை மணி நேர நடை.

"பாத்திட்டு வாறன், தம்பி. அந்தா, தெரியுது."

விடுதி நடத்தும் பெமா என்ற பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். ஆங்கிலம் சுருக்கமாகப் பேசினார். மலைநோய் முற்றியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் அத்தான் சுவரைப் பிடித்தார்.

"உடனே கீழே போங்கள்," என்றார் பெமா. "மேலே விழுந்தவரைத் தூக்கிவர நான்கு பேர் வேண்டும். பண்டிகைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. இன்று இரண்டு பேர்தான்."

ஒரு கோப்பையில் சூடான பூண்டு சூப்பும் கொண்டுவந்து வைத்தார். அத்தான் மணந்து பார்த்தார்.

"உள்ளி, தம்பி. விரதத்தில உள்ளியோ?"

நான் அக்காவுக்கு அழைத்தேன். மொன்றியலில் அப்போது காலை ஐந்தே முக்கால். நடந்ததைச் சொல்லி, தொலைபேசியை இருவருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன்.

"எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?"

"நாலு," என்றேன்.

"உன்னைக் கேக்கேல்லை. அவரைக் கேட்டனான்."

"நாலுதான், யோகம். இன்னும் ரெண்டு நாள். இவ்வளவு வருசமும் நீ நல்லா இருக்கிறதெல்லே..."

"நான் நல்லா இருக்கிறது நாளுக்கு ரெண்டு லீற்றர் தண்ணி குடிக்கிறபடியா. விடியக் காலமை போத்தலை நிறைச்சு வைக்கிறது ஆர்? நீங்கள்தானே. குடிச்சனியோ, குடிச்சனியோ எண்டு நாலுதரம் போன் அடிக்கிறதும் நீங்கள்தானே."

அத்தான் சூப்புக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்காகப் பிடிச்ச விரதமெண்டா எனக்காகக் குடியுங்கோ. மிச்ச ரெண்டு நாளும் ஒருநேரச் சோறு சாப்பிட்டுப் பிடிக்கலாம். ஊரில பாதிப் பேர் அப்பிடித்தான் பிடிக்கினம். தம்பி, நீ வீட்டை வா. உன்னோட பேந்து கதைக்கிறன்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு சூப்பைக் குடித்தார். பிறகு தண்ணீர் கேட்டார். நாலரைக்கு ஜீப் கீழே இறங்கியது. ஜோம்சோமில் மருத்துவர் பரிசோதித்து மருந்து தந்தார்; இந்தப் பயணத்தில் மீண்டும் மேலே ஏறக்கூடாது என்றார். அடுத்த நாள் அத்தானுக்குத் தலைவலி இல்லை. நண்பகலில் சோறும் பருப்பும் சாப்பிட்டார்.

ஆறாம் நாள் நான் மட்டும் போனேன். அத்தான் ஒரு லீற்றர் வெறும் போத்தலைத் தந்தார். கோயில் சிறியது; கூரை மூன்று அடுக்கு. உள்ளே பௌத்தப் பிக்குணிகளும் பூசை செய்கிறார்கள். பின்புறம் அரைவட்டச் சுவரில் மாட்டுத்தலை வடிவத்தில் குழாய்கள். நூற்றெட்டு என்பார்கள், எண்ணினேன், சரியாக இருந்தது. குளிப்பவர்கள் ஓடிக்கொண்டே குளிக்கிறார்கள். தண்ணீர் கையில் பட்டால் விரல் சிறிது நேரம் மரத்துப்போகும். நான் குளிக்கவில்லை. குழாய்க்குக் கொஞ்சமாகப் போத்தலை நிரப்பிக்கொண்டு இறங்கினேன். மலைகள் மிகத் தெளிவாகத் தெரிந்தன. படங்களில் இருப்பது போலவே.

போகிறவர்களுக்கு: ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். பண்டிகை நாட்களை முன்கூட்டிப் பாருங்கள். ஜோம்சோமில் இரண்டு நாளாவது தங்கிவிட்டு மேலே ஏறுங்கள். நாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குடியுங்கள். விரதம் பிடிப்பவர்கள் எந்த முறையில் பிடிக்கிறீர்கள் என்பதைக் கூட வருபவரிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். கூடப் போகிறவர்கள், தெரிந்ததும் வீட்டுக்கு அழையுங்கள்.

ஆறாம் நாள் மதியம் ஜோம்சோமுக்குத் திரும்பியதும் போத்தலுக்குள் கிருமி நீக்கும் குளிசை ஒன்றைப் போட்டு அரை மணித்தியாலம் வைத்தேன்.

"தீர்த்தத்துக்கும் மருந்தோ?" என்றார் அத்தான்.

"அக்கான்ர உத்தரவு."

உள்ளங்கையில் ஊற்றி, வாய்விட்டு எண்ணி, ஆறு கை குடித்தார். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். போத்தலை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வெறும் போத்தலைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பச் சொன்னார்.