ஐரீனுக்கான சனிக்கிழமை

வெண்டல் ஹோக்ஸ்ட்ரா எங்கள் பல்கலைக்கழக ஃபுட்பால் ஸ்டேடியத்தின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டவர். நான் அவருக்குக் கீழே வேலை செய்தேன். ஊர் முழுக்க வந்து உட்கார்ந்தாலும் இன்னும் இடம் மிச்சமிருக்கும் அந்த ஸ்டேடியத்தில், எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வரவைப்பது அவர் பொறுப்பு. நவம்பர் கடைசியில் உள்ளூர் ஆட்டங்கள் முடிந்ததும் தண்ணீரையெல்லாம் வடித்து, குழாய்களுக்குள் காற்றடித்து, வளைவுகளில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றிவிடுவோம். மிச்சிகன் குளிரில் உள்ளே கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் குழாய் பிளந்துவிடும். அதற்கப்புறம் வசந்தம் வரை ஸ்டேடியத்தில் ஆள் அரவம் இருக்காது. வெண்டல் வீட்டு மனிதராக இருப்பதும் அந்த மாதங்களில்தான்.

அவர் வீட்டில் எந்தக் காரியமானாலும் “சீசன் முடியட்டும்” என்பதுதான் பேச்சு. கூரை ஒழுகினாலும் சரி, கொழுந்தியாள் ஊருக்குப் போவதானாலும் சரி. அவர் மனைவி ஐரீன் சலித்துக்கொள்கிற ஆள் இல்லை. கடையில் யாராவது விசாரித்தால், “என் புருஷனா? இருக்காரு. டிசம்பர்ல வந்துடுவாரு” என்பாள்.

அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில், மளிகைக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது மூளையில் இரத்தக்குழாய் வெடித்து ஐரீன் இறந்துபோனாள். அதே வாரம் சீசனின் முதல் ஆட்டம். நாலைந்து பேர் மட்டும் நின்று தகனம் செய்தோம். அரிசோனாவிலிருந்து ஓடி வந்த அவள் தங்கை பெர்னிஸ், சமையலறையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “சொந்தக்காரங்க எல்லாரும் வர்ற மாதிரி சர்ச்சுல ஒரு பிரார்த்தனை வைக்கணும். எப்ப வைக்கலாம்?”

“சீசன் முடியட்டும்” என்றார் வெண்டல்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. பெர்னிஸ் காபியைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனாள். டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் அது எந்தக் காலத்திலும் ஆட்டம் இல்லாத நாள். சொந்தக்காரர்கள் விமான டிக்கெட் எடுத்தார்கள்.

அந்த வருஷம்தான் தேசியப் பட்டத்துக்கான சுற்றைப் பெரிதாக்கினார்கள். முன்பெல்லாம் நாலே அணிகள், எங்கோ வெயிலடிக்கும் ஊரில் மோதும். இனிமேல் பன்னிரண்டு அணிகள், முதல் சுற்று ஆட்டம் பட்டியலில் மேலே இருக்கும் அணிகளின் சொந்த மைதானத்திலேயே என்றார்கள். செய்தியை நாங்களும் பார்த்தோம். எங்கள் பையன்கள் அவ்வளவு தூரம் போவார்கள் என்று யார் நினைத்தது? ஆனால் அவர்கள் ஜெயித்துக்கொண்டே போனார்கள்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, தேர்வான அணிகளின் பட்டியல் வந்தபோது நானும் வெண்டலும் ஸ்டேடியத்தின் அடித்தளத்தில் இருந்தோம். பாதிக் குழாய்களை வடித்து முடித்திருந்தோம். வெளியே திடீரென்று கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பின்னாலேயே மேலாளர் கோல்பியின் போன்.

“வெண்டல், கேட்டீங்களா? நம்ம மண்ணுல ஆடுறாங்க! டிசம்பர்ல! சரித்திரம் சார் இது!”

“என்னைக்கு?”

“மூணாவது சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு. தண்ணிய மறுபடி விட்டுடலாம்ல?”

“விடலாம்” என்றார் வெண்டல். “குழாய் தாங்குமான்னுதான் தெரியல.”

போனை வைத்துவிட்டுக் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தார். நான் சொன்னேன்: “நீங்க லீவு போடுங்க. நான் பாத்துக்கறேன்.”

“ரெண்டு பேரு செய்யவே கை பத்தல, ரூபன். உன்னத் தனியா விட்டுட்டுப் போயி நான் எப்படி சர்ச்சுல உக்காருவேன்?”

பாதிரியார் லுண்ட் சங்கடப்பட்டார். சர்ச் வாசலில் ஆட்ட நாளில் கார் நிறுத்த எப்போதும் காசுக்கு இடம் விடுவார்கள். அந்தச் சனிக்கிழமைக்கும் இடம் கேட்டு ஆள் வரத் தொடங்கிவிட்டது. பிரார்த்தனையை ஆட்டம் முடிந்தபின், அன்று மாலை ஐந்து மணிக்குத் தள்ளினார்கள். பெர்னிஸ் போனில் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

“உயிரோட இருந்தப்பவும் அவளக் காக்க வச்ச. செத்தும் காக்க வைக்கிறியே, வெண்டல்!”

“ஆமா, பெர்னிஸ்” என்றார் அவர்.

ஊரில் ஒரு விடுதியிலும் அறை இல்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அவர் வீட்டுத் தரையில்தான் படுத்தார்கள். அவர் அந்த இரண்டு வாரமும் கழிப்பறை கழிப்பறையாக ஹீட்டர் வைத்து, வெளியே தெரிந்த குழாய்களுக்கெல்லாம் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே தோல் பை மாதிரி தொங்கிவிட்டது.

ஆட்ட நாளன்று மூக்கு மயிர் உறைகிற குளிர். முதல் பாதி எப்படியோ ஓடியது. நாலு பகுதியில் மூன்றாவதில், எங்கள் அணி அடி வாங்கோ வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மேலடுக்குப் பெண்கள் கழிப்பறையில் குழாய் பிளந்தது. தண்ணீர் படிக்கட்டில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே பனிக்கட்டியாக நின்றது. வரிசையில் காத்திருந்த ஒரு அம்மாள், முகமெல்லாம் அணியின் நிறம் பூசிக்கொண்டவள், எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

“வாங்கய்யா வாங்க! நம்ம டிஃபென்ஸ் மாதிரியே உங்க குழாயும் பொத்துக்கிச்சே!”

“குழாய அடைச்சிடலாம்மா” என்றார் வெண்டல், ஏணியை நிறுத்திக்கொண்டே. வரிசை முழுக்கச் சிரித்தது.

வால்வைத் திருகி மூடுவதற்குள் தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டார். பிளந்த துண்டை வெட்டியெடுத்து வேறு வைத்து முடித்தபோது மைதானத்தில் பாதிக் கூட்டம் எழுந்து போயிருந்தது. படுதோல்வி. நாங்கள் வெளியே வந்தபோது மணி நாலரை. தெருவெல்லாம் கார்கள் நகராமல் நின்றதால் சர்ச்சுக்கு நடந்தே போனோம். அவருடைய கால்சட்டை உறைந்து, நடக்க நடக்கத் தகரம் போலச் சத்தம் போட்டது. சட்டை மாற்ற நேரமில்லை.

சர்ச்சுக்குள் கதகதப்பாக இருந்தது. முன் பெஞ்சில் பெர்னிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லுண்ட் முதல் வசனத்தைப் படித்து முடிப்பதற்குள் வெண்டலின் தலை மார்பில் சாய்ந்துவிட்டது. மெல்லிய குறட்டை கேட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். நான் எழுந்து தட்டியெழுப்பப் போனேன். பெர்னிஸ் கையை நீட்டித் தடுத்தாள். தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்திவிட்டுப் பேசப் போனாள்.

“அக்காவப் பத்திப் பேச நிறைய எழுதிட்டு வந்தேன்” என்றாள். “இந்த மனுஷன் மேல இருந்த கோவம்தான் அதுல பாதி. அத விட்டுடறேன். அக்கா இங்க இருந்திருந்தா எல்லாரையும் மெதுவாப் பேசச் சொல்லியிருப்பா. அதனால மெதுவாவே பாடலாம்.”

வழக்கமாக உரக்கப் பாடும் துதிப்பாட்டை நாங்கள் முணுமுணுப்பாகப் பாடினோம். அந்தப் பாட்டு அப்படிப் பாடக்கூடியதென்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர் கண் விழித்தபோது எல்லாரும் கீழ்த்தளத்தில் உருளைக்கிழங்கும் ஹாம் இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெர்னிஸ் மட்டும் பெஞ்சிலேயே இருந்தாள், நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

“முடிஞ்சிருச்சா?” என்றார்.

“முடிஞ்சிருச்சு.”

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆகஸ்டிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

“நல்லாத்தான் குறட்டை விட்ட” என்றாள் பெர்னிஸ். “எந்திரி, ஏதாவது சாப்பிடு.”

திங்கட்கிழமை நாங்கள் மறுபடியும் தண்ணீரை வடித்தோம். கோல்பி இறங்கி வந்தான். தோற்ற வருத்தம் அவனுக்கு அதிகம் இல்லை.

“அணிகள இன்னும் கூட்டப் போறாங்கன்னு பேச்சு இருக்கு, வெண்டல். அடுத்த வருஷம் ரெண்டு ஆட்டம்கூட இங்க வரலாம்!”

“வரட்டும்” என்றார் வெண்டல், வாளியிலிருந்த இளஞ்சிவப்புத் திரவத்தை நிதானமாக ஊற்றிக்கொண்டே. “ஆள் பாத்து வச்சுக்கோ. நான் மே மாசம் வரைக்கும்தான்.”

கோல்பி சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டான். ஆனால் மே மாதம் அவர் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜூனில் பெர்னிஸ் வந்தாள். இருவருமாக ஐரீனின் சாம்பலை ஏரியில் கரைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டதாம், கரையிலிருந்த கடையில் ஒதுங்கி, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்களாம். மீனில் உப்பு அதிகம் என்று பெர்னிஸ் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்ததை வெண்டல்தான் என்னிடம் சொன்னார்.