கறை நீங்கிய மேற்சட்டை

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் டென்மார்க்கில், வைலே நகரின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் குடியேறியபோது, எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தாத அயலவர் ஒருவரே இருந்தார். கீழ்வீட்டில் தனியே வாழ்ந்த அந்த ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி, உலகப்போர்க் கால அமெரிக்க இராணுவ உடைமைகளைச் சேகரிப்பவர். நிலவறையில் அவருக்குரிய அறையில் தலைக்கவசங்களும் தண்ணீர்க் குடுவைகளும் கம்பளிச் சீருடைகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளைக் கையுறை அணியாமல் அவர் அவற்றைத் தொட்டு நான் கண்டதில்லை.

எனக்குப் பத்து வயது நடந்த ஆண்டில், ஒருநாள் மெல்லிய தாளில் பொதிந்த மேற்சட்டை ஒன்றுடன் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா தையல் அறிந்தவர் என்பது அவருக்குத் தெரியும். பொத்தான் ஒன்று கழன்று தொங்கியது; ஓகூஸ் நகரில் நடக்கவிருந்த சேகரிப்பாளர் கண்காட்சியில் அச்சட்டையை அவர் வைக்கவிருந்தார்.

"பொத்தானை மட்டும் தைக்கச் சொல். வேறெதையும் தொட வேண்டாமென்று மறக்காமல் சொல்" என்றார் என்னிடம், டேனிஷ் மொழியில்.

அம்மாவுக்கு அம்மொழி தெரியாது. முற்றத்திலோ என் தோழியர் கயிறு பாய்ந்துகொண்டிருந்தனர்.

"பொத்தான் தைக்கட்டாம்" என்று கூறிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது மேற்சட்டை குளியலறை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. அதன் இடது மார்பில் உள்ளங்கையளவு பழுப்புக் கறை இருந்ததை அம்மா கண்டுவிட்டார்.

"கறையோட ஒராளின்ர உடுப்பைத் திருப்பிக் குடுக்கிறதே, பிள்ளை? இது ரத்தம். சுடுதண்ணி பட்டால் போகாது. பச்சைத்தண்ணியும் உப்புந்தான்."

உண்மையைச் சொல்ல அதுவே தருணம். நான் சொல்லவில்லை. மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசக்கினார். நான்காம் நாள் அது பல்கனிக் கொடியில் தொங்கியது. வேலை முடிந்து வந்த அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"இஞ்சரும், அமெரிக்கன் ஆமியையே தோய்ச்சுக் காயப்போட்டிட்டீர் போல?"

"சும்மா போங்கோ. அந்த மனுசன் எங்களுக்குச் செய்யிற உதவிக்கு இது பெரிய வேலையே?"

மடிப்புக் கலையாமல் இரு கைகளிலும் ஏந்தி அம்மா அதைக் கீழ்வீட்டுக்குக் கொண்டுசென்றார். நானும் உடன் சென்றேன். அயலவர் விரித்துப் பார்த்தார். கையுறையின்றியே மார்புப் பகுதியைத் தடவினார், முகர்ந்தார். அதில் சவர்க்கார வாசனையே இருந்தது. வாசலோர நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

"இதுபோன்ற மேற்சட்டை பலரிடம் இருக்கிறது. இதை அணிந்திருந்தவனில் மிஞ்சியது அந்தக் கறை மட்டும்தான்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னதை அம்மாவிடம் சொன்னாயா?"

"என்ன பிள்ளை கேக்கிறார்?" என்றார் அம்மா.

"சொன்னேன்" என்று அவருக்கும், "நல்லாயிருக்காம்" என்று அம்மாவுக்கும் ஒரே மூச்சில் பதிலளித்தேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அயலவர் அம்முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர் எழுந்து, அம்மாவின் கையைப் பற்றி நன்றி கூறினார். கண்காட்சிக்கு அந்த மேற்சட்டை போகவில்லை. அதன் பின்னரும் எங்களைக் கண்டு அவர் கதவைச் சாத்தவில்லை.

படியேறும்போது அம்மா தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்: "ஆர் பெத்த பிள்ளையோ. இனியெண்டாலும் ஆறுதலாய் இருக்கட்டும்."

அகப்படாமல் தப்பிய மகிழ்ச்சியில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அக்காலத்தில் எங்கள் பயணப்பெட்டியின் அடியில் மாமாவின் சட்டை ஒன்று இருந்தது. மாமா கொழும்பில் இருக்கிறார் என்றே எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குச் சிறியதான அச்சட்டை வெள்ளை வெளேரென்றிருந்தது. மார்புப் பக்கத்தில் சிறு துளை ஒன்று இழையோட்டி அடைக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பொருள்களை விட்டுவந்த அம்மா, எவருக்கும் அளவில்லாத அதை ஏன் இவ்வளவு தூரம் சுமந்து வந்தார் என்று நான் எண்ணிப்பார்த்ததில்லை. இரத்தக் கறைக்குப் பச்சைத்தண்ணீரும் உப்பும் வேண்டுமென்பதை அவர் எப்போது அறிந்துகொண்டார் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.