கைப்பட்டை எழுதிய தூக்கம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். சாதம், கீரை, வாழைக்காய் வறுவல். 6.05 வண்டியில் திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர். ஏழு மணிக்கு ஷிஃப்ட். எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். மூன்றரைக்கு வேலை முடிந்து, நாலரைக்கு வீடு வந்தேன்.

நாள், நேரம் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. ஆனால் அன்றைக்கு வந்த கோபத்துக்கு நோட்டைப் புரட்ட வேண்டியதில்லை.

என் கணவர் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. ஆகஸ்டில், முன்னாள் படைவீரர்களின் மனநலத்துக்கென்று ஒரு நிறுவனம் அவருக்கு ஒரு கைப்பட்டையும் போனில் ஒரு செயலியும் கொடுத்தது. பட்டை தூக்கத்தையும் நாடித்துடிப்பையும் அளக்கும். செயலி தினமும் காலையில் ஐந்து கேள்வி கேட்கும்; ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் சிரிக்கும் பொம்மை, தட்டினால் போதும். இவை தவிர செவ்வாய்தோறும் ஐந்து மணிக்கு ஆலோசகர் அம்மா ஒருவர் போனில் பேசுவார்.

அந்தப் பேச்சுதான் அவருக்கு வேலை செய்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசுவார். என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை. செவ்வாய் இரவு மட்டும் இரண்டு தோசை கூடச் சாப்பிடுவார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐந்து ஆனது. ஐந்தேகால் ஆனது. போன் அடிக்கவில்லை. 5.22க்கு ஒரு செய்தி வந்தது. வாழ்த்துகள், நீங்கள் பச்சை நிலையை அடைந்துவிட்டீர்கள், உங்கள் வாராந்திர உரையாடல் நிறைவடைந்தது, இனி எங்கள் உரையாடல் உதவியாளர் இருபத்துநான்கு மணி நேரமும் உங்களுடன் இருக்கும்.

"பாஸாயிட்டேனாம்" என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

நான் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு இளைஞர் எடுத்தார்.

"ஸ்கோர் நல்லா இருக்குங்க மேடம். தூக்கம் சராசரி ஆறே முக்கால் மணி நேரம். சந்தோஷப்படுங்க."

நோட்டை எடுத்து வாசித்தேன். ஞாயிறு இரவு, 1.10க்கு அவர் கண் திறந்திருந்தது. 2.40க்கும் திறந்திருந்தது. திங்கள், மெதுவாகக் கூப்பிட்டேன், உடனே பதில் சொன்னார். அவர் அசைய மாட்டார். எல்லையில் பதுங்கிக் கிடந்த வருடங்களில் பழகிய படுக்கை அது. புரண்டால் ஆள் இருப்பது தெரிந்துவிடும். கை அசையவில்லை என்பதால் பட்டை அதைத் தூக்கம் என்று எழுதிக்கொண்டது. படைவீரர்களுக்கென்றே செய்த பட்டை இது. செய்தவர்களில் ஒருவர்கூட ஒரு சிப்பாய் படுத்திருப்பதைப் பார்த்ததில்லையா?

"குடும்பத்தார் சொல்றதைப் பதிவு பண்ண சிஸ்டத்துல இடம் இல்ல மேடம்."

"எங்க ஸ்டோர்ல கார்டுல நாப்பதுன்னு எழுதியிருக்கும், பெட்டில முப்பத்தொண்ணுதான் இருக்கும். நான் பெட்டியத்தான் எண்ணுவேன் தம்பி. நீங்க எதை எண்ணுறீங்க?"

அந்த இளைஞர் புகாராகப் பதிவு செய்துகொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பட்டைக்குத் தெரியாது, சரி. காலைல கேள்வி கேக்குதே, அதுக்கு என்ன பதில் போடுறீங்க?"

"ஓகேதான்."

"தூங்கவே இல்லாத அன்னைக்குமா?"

"இன்னாம்மா நீ. காலைல ரிப்போர்ட் கேட்டா ஓகேன்னுதான் சொல்லணும். இருபத்திரண்டு வருஷம் அதான் சொன்னேன். லைன்ல நின்னுகினு எனக்குத் தூக்கம் வரல சாப்னு சொல்றவன நீ பாத்துகிறியா? அன்னிக்குப் பூரா அவன் மானத்த வாங்கிடுவானுங்க."

"அந்தம்மாகிட்ட மட்டும் சொன்னீங்களா?"

"அது ஆளு. பேசுனா கேக்கும். இது ரிப்போர்ட்டு."

இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் ஐந்து கேள்வி எழுதி, சிரிக்கும் பொம்மை ஒன்றும் வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலும் வந்தது. மூன்று மாதமாக அவர் அந்தப் பொம்மையைத் தட்டுவதை டிபன் டப்பா கட்டிக்கொண்டே பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்கவில்லை. ஸ்டோரில் ஒரு போல்ட் குறைந்தால் மூன்று தடவை எண்ணுகிறவள் நான்.

"நீங்க ஓகேன்னு போட்டதாலதான் அந்தம்மா போனும் நின்னுபோச்சு" என்றேன்.

அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாலரைக்கு நான் எழுந்தபோது சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் போடப் போனவளைக் கூப்பிட்டு, "கண்ணாடி இல்ல, நீ படி" என்றார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. படித்தேன். நேற்று இரவு எப்படித் தூங்கினீர்கள்?

"தூங்கல" என்றார். ஒன்றுக்கு நேரே அவரே தட்டினார்.

உடனே ஒரு கட்டம் வந்தது. உங்கள் கைப்பட்டை 6 மணி 40 நிமிடம் தூக்கம் காட்டுகிறது, பதிலை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா? அதையும் சத்தமாகப் படித்தேன். அவர் பட்டையைக் கழற்றிச் சர்க்கரை டப்பா மேல் வைத்தார். பிறகு, இல்லை என்பதை அழுத்தினார்.