ஊசி வாரங்கள்

அந்த மருந்து தூளாக வரும். நர்ஸ் அதில் நீர் விட்டுக் கலக்கினால் நீர்த்த கஞ்சி போலாகும். அடியில் தங்கிவிடாமலிருக்க, ஊசிக்குழலை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டுவார். என் மாமனார் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். வயிற்றில் ஊசி என்றதும், முதல் நாள் நர்ஸிடம், "அவங்கள வெளிய நிக்கச் சொல்லுங்க" என்றார். அவங்க என்றது என்னை.

அவர் கல்லாவிப் பக்கத்து விவசாயி. நான் திருநெல்வேலிப் பக்கம், வேறு சாதி. ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அவர் மகனும் நானும் கல்யாணம் செய்துகொண்டோம். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. எலும்பு மஜ்ஜையில் நல்ல ரத்தம் ஊறுவது நின்றுபோன பிறகுதான் வந்தார். பெங்களூர் மருத்துவமனையில் மாதத்துக்கு ஒரு வாரம், தினமும் தோலுக்கடியில் ஊசி. ஊரிலிருந்து தினமும் போய்வர உடம்பு தாங்காததால், அந்த வாரம் ஓசூரில் எங்கள் வீட்டில் தங்குவார். மாமியார் முன்பே இறந்திருந்தார். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் அப்போது வேலையை விட்டிருந்ததால், கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிப் பஸ்ஸில் அவரை அழைத்துப்போவது என் பொறுப்பாயிற்று.

முதல் நாள் கடையில் வாங்கிய பன்னைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் பஸ்ஸிலேயே வாந்தி. வீட்டுக்கு வந்ததும் சோற்றைக் குழைத்து ரசம் ஊற்றி வைத்தேன். வெகுநேரம் தட்டையே பார்த்திருந்தார். பிறகு சாப்பிட்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மிம்மா."

என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அடுத்தடுத்த மாதங்களில் ஊசி போட்ட இடங்கள் சிவந்து, நாவற்பழ நிறத்தில் கன்றிப்போயின. என்னை வெளியே அனுப்புவதை விட்டுவிட்டார். சட்டையைத் தூக்கிப் பிடிப்பதே நான்தான். "நோவாகுத்தா அஜ்ஜா?" என்று, வலிக்கிறதா தாத்தா என்பதை நர்ஸ் கன்னடத்தில் கேட்பார். இல்லையென்று தலையாட்டிக்கொண்டே என் கையை இறுக்கிக்கொள்வார். மருந்தும் கேட்டது. ரத்தம் ஏற்றுவது குறைந்தது. மா பூத்தபோது தோட்டத்தைச் சுற்றி வந்ததாகப் போனில் சொன்னார். நானும் நம்பத் தொடங்கினேன்.

அப்புறம் ரத்த அணுக்கள் மறுபடி சரிந்தன. இனி இந்த ஊசி பலன் தராது என்றார் டாக்டர். திரும்பும் வழியில் மாமனார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்போ அடுத்த மாசம் வர வேண்டியதில்லையா?"

"ஊசி இல்லாட்டி என்ன மாமா? வாங்க."

"பாக்கலாம்மா."

வரவில்லை. ஊரில் காய்ச்சல் கண்டு, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரண்டாம் நாள் போய்விட்டார்.

சாவு வீட்டில் அவருடைய அண்ணி அழுதுகொண்டே சொன்னார்: "ஓசூர்ல லாட்ஜ்ல தங்கில்ல ஊசி போட்டுக்கிட்டாரு. கடச் சோத்தத் தின்னு தின்னே எளச்சுட்டாரு." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மாமனார் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

என் கணவர் எழுந்தார். "எங்க வீட்லதான் இருந்தாரு, பெரியம்மா. இவதான் சோறு போட்டா."

"போயிட்டவரு மேல இப்படிப் பழி போடாதப்பா" என்றார் பெரியம்மா.

கொள்ளி வைக்க என் கணவரை மட்டும் கூப்பிட்டார்கள். நான் எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றேன். உடம்பெல்லாம் கோபம். ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க என்று சண்டை போட வேண்டும். யாரிடம் சண்டை போட வேண்டுமோ, அவரைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.