அக்கரையில் ஒரு களி உருண்டை

அஸ்வானில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களை நைல் நதியில் படகேற்றி அக்கரைக்கு அனுப்பிவிடுவேன். இக்கரையில் எகிப்துக்காரர்களின் அவரைக்கொட்டை மசியலும் ரொட்டியும் அருமைதான். ஆனால் அக்கரையில், நீலச்சுவர் வைத்த நூபிய இனத்தார் வீடொன்றில், அந்த வீட்டு அம்மா சட்டியைத் திறந்ததும் கிளம்பிய சோளக்களி ஆவி என்னைப் பெண்ணையாற்றுப் பக்கத்து எங்கள் ஊர் அடுப்படியில் கொண்டுபோய் இறக்கியது.

பள்ளியில் படித்த நாளில் ஒருமுறை என் மதிப்பெண்ணைப் பற்றி முறையிட கணக்கு வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். நானோ வகுப்பில், "எங்க வூட்ல தினம் இட்லிதான்" என்று அளந்து வைத்திருந்தேன். அம்மா துடுப்பால் களி கிளறிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுப் போங்க சார்."

என் மானம் போகப்போகிறதென்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். வாத்தியார் டவுன்காரர். களியை மென்றார். அது பல்லில் அப்பி, பேச்சே வரவில்லை.

"கரும்பா சார் இது, மென்னுக்கினு கீறீங்க? கொழம்புல பொரட்டி முழுங்குங்க!"

முழுங்கினார். கேட்டு வாங்கி இன்னொரு உருண்டையும் முழுங்கினார். மறுநாள் வகுப்பில் எல்லார் எதிரிலும் என்னை எழுப்பி, "உங்கம்மா களி முன்னாடி இட்லி நிக்குமாடா?" என்றார். அந்த வருடம் நான் தலைநிமிர்ந்து நின்றது அந்த ஒரு கணக்குப் பாடத்தில்தான்.

நூபிய அம்மா வைத்த களியை வெண்டைக்காய்க் குழம்பில் புரட்டி ஒரே விழுங்காக விழுங்கினேன். தொண்டை அடைத்துவிட்டதென்று பயந்து அவர் என் முதுகில் நாலு அறை விட்டார். பிறகு சிரித்து, எந்த ஊர் என்று கையால் கேட்டார்.

இந்தியா என்று சொல்லியிருந்தாலே போதும். நான் மணலூர்பேட்டை என்றேன்.