மாமா அளந்த வீக்கம்

கேளம்பாக்கம் கல்லூரிச் சோதனைக்கூடத்துக்கு நொச்சி இலை அனுப்புவது நான்தான். மூன்றாவதோடு பள்ளியை விட்டவன். இன்று அங்கே இலை கொதிக்கும் வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் ஊர் படாளம் நினைவு வந்துவிட்டது.

சின்ன வயதில் வரப்பில் விழுந்து என் கணுக்கால் வீங்கியபோது, வைத்தியர் என்று சொல்லித் திரிந்த மாமா நொச்சியை அரைத்துப் பத்து போட்டார். தினமும் வீக்கத்தை நூலால் அளப்பார். நூலை நாளுக்கு நாள் இறுக்கிப் பிடித்து, "பாத்தியாக்கா, கொறஞ்சிகினு வருது" என்பார் அம்மாவிடம். நான் அலறினால், "நோவு வெளிய போவுதுடா" என்பார்.

எட்டாம் நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்றார்கள். மாமா அசரவில்லை. "அந்த எலும்பே என் பத்துலதான் நின்னுகினு கீது."

கால் கோணியது கோணியதுதான். அந்தக் காலோடுதான் உழைத்து மூன்று லாரி வாங்கினேன்.

இன்று ஆய்வுக்காரப் பெண், நொச்சிச் சாறு கொடுத்த எலியின் வீங்கிய பாதத்தை அளந்தாள். "இந்தச் சாறுல வீக்கம் குறையல ஐயா" என்று அப்படியே எழுதிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாமாவுக்குச் சாகும்வரை துப்பில்லை.