சுகிர்தா அக்காவின் கோட்டைக் கதவு

சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பால் கவரில் சுற்றி இடுப்பில் செருகிய கைபேசியை எடுத்து, சுண்டுவிரலால்தான் திறப்பார் சுகிர்தா அக்கா. மற்ற விரல்கள் விடியலிலிருந்து நாற்று நட்டு ஊறிப்போயிருக்கும்; திரை அவற்றை மதிக்காது. அந்த ஒற்றைச் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு பதினொரு மாதமாக ஒரு கோட்டையைக் காத்து வருகிறார்.

காவாந்தண்டலத்தில் பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் குழுவுக்கு அவர்தான் தலைவி. கைபேசி விளையாட்டில் எங்கள் அணிக்கும் அவரே. நான் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவன். அகழி, கொத்தளம் எல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். என் கோட்டை மூன்று முறை விழுந்துவிட்டது. அவருடையது ஒருமுறைகூட விழவில்லை. பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

நாங்களெல்லாம் முதலில் வில்லாளிகளை மதில்மேல் ஏற்றுவோம். அக்கா அகழிக்கு வரும் வாய்க்காலைத் தூர்வாருவார். "வா நைனா, வந்து சேத்துல காலை வையி," என்று எதிரித் தளபதியைச் சிரித்தபடியே வரவேற்பார். ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோட்டைக்கு வெளியே குட்டி மனிதர்கள் கதிர் அறுத்துக்கொண்டிருப்பார்கள். முரசு கேட்டதும் உள்ளே ஓடி வருவார்கள். கடைசி ஆள் வரும்வரை அக்கா கதவை மூடமாட்டார்.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முற்றுகை. மதில் இடியாமல் தாக்குப்பிடித்தால் எங்கள் அணிக்கு முதலிடம். நான் நாஷ்டா டப்பாவோடு வரப்பிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். அக்காவும் அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிடம் முன்னதாகக் கரையேறினார். முரசு கேட்டது. எல்லோரும் ஓடிவர, ஒருவன் மட்டும் தலையில் கதிர்க்கட்டோடு ஆடி அசைந்து வந்தான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே குதிரைப்படை. கதவை மூடுங்கக்கா என்று கத்தினேன். பொம்மைதானே என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அவன் வெளிய கீறான் சார். உட்டுட்டு எப்டி மூட்றது?"

அவன் உள்ளே வந்தான். கூடவே ஏழு குதிரைகளும் வந்தன. வெளிமதில் இடிந்து, உள்கோட்டை மட்டும் மயிரிழையில் தப்பியது. அணி நான்காம் இடத்துக்குச் சரிந்தது. எனக்கு வந்ததே கோபம்! இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே பொரிந்து தள்ளினேன்.

அக்கா உள்ளே நின்றவர்களைச் சுண்டுவிரலால் எண்ணிக்கொண்டிருந்தார். "செவுரு தான சார் போச்சு, கட்டிக்கலாம். ஆளுங்க அத்தினி பேரும் கீறாங்க," என்றார், ஜெயித்தவர் மாதிரி.

அதற்குள் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. காலில் முள் குத்திய செவ்வந்தி மட்டும் இன்னும் சேற்றில் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தாள். நான் மெல்லுவதை நிறுத்தினேன். அக்கா கைபேசியை மடியில் போட்டுவிட்டு, தூக்குவாளி மூடியின்மேல் கையை வைத்தபடி செவ்வந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.